ஒழுகாத லாரி

ஒரு ஏழு வயசுப் பாப்பா சொன்ன ஒரு வார்த்தை ஒரு வருஷமா எனக்குள்ள உக்காந்துகிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. 2024 கோடை லீவுல நடந்தது. எழுதிட்டா போயிடும்னு ரெண்டு தடவை உக்காந்தேன், ரெண்டு தடவையும் அந்த லீவுல நான் எவ்ளோ பிஸியா இருந்தேன் பாத்தீங்களாங்கற பீத்தலாவே போய் முடிஞ்சுது, அழிச்சிட்டேன். இப்பவும் அந்தப் பீத்தல் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுதான் வரும், பொறுத்துக்கோங்க.

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012-ல தமிழ்நாடு முழுக்க 16,549 பேர எடுத்தாங்களே, ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கம்ப்யூட்டர்னு, அதுல ஒருத்தன். வாரத்துல மூணு அரை நாள். அஞ்சாயிரத்துல ஆரம்பிச்சு, பத்தாயிரம் ஆகி, 2024-ல 12,500 வந்துச்சு. அப்ப மே மாசத்துக்கு சம்பளம் கிடையாது. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதை இங்க நான் ஆரம்பிக்கல. மே மாசம் எனக்கு ஏன் வருஷத்துலயே அதிகமா வேலை இருக்கற மாசமா ஆச்சுன்னு புரியறதுக்காக சொன்னேன். மத்தவங்களுக்கு லீவு, எங்களுக்கு சீசன். ஐஸ்க்ரீம் வண்டிக்காரர் மாதிரி.

மொதல்ல சுவர். செய்யாறு பக்கத்துல ஒரு ஆரம்பப் பள்ளி, உள்ளயும் வெளியவும் படம் போடணும். ஏப்ரல் 19 எலெக்‌ஷன் முடிஞ்சாதான் சுவர தொட முடியும், ஏன்னா அது பூத்து. அங்க போய் நின்னா வாசல் பக்கத்துல வாக்குச்சாவடி எண் எழுதி அம்புக்குறி வேற போட்டு வெச்சிருந்தாங்க, அது மேல ப்ரைமர் அடிச்சுதான் என்னோட ‘அ’வுக்கு அம்மாவ ஆரம்பிச்சேன். வெயில்ல எமல்ஷன் ப்ரஷ்லயே காயும். சுவர தண்ணி ஊத்தி நனைச்சு, காலைல அஞ்சரைக்கு ஏணி போட்டா பத்து மணி வரைக்கும்தான் வேலை, அப்புறம் சாயங்காலம் நாலுக்கு மேல. சதுர அடிக்கு இவ்ளோன்னு பேசி வெச்சிருந்தோம். சதுர அடிக்குப் பேசிட்டா யானை பெருசாயிடும், இது தொழில் ரகசியம். வாழ்க்கைல நான் போட்ட மிகப்பெரிய யானை அந்தப் பள்ளிக்கூடத்து பின்பக்க சுவர்லதான் நிக்குது, பன்னெண்டு அடி.

நடுவுல மெட்ராஸ்ல ஒரு குரூப் ஷோ, என்னோடது ஒரே ஒரு கேன்வாஸ். ஏரிக்கரை பனைமரம். ஃப்ரேம் செலவு என்னுது, பஸ் செலவு என்னுது, படமும் என்னுதாவே திரும்பி வந்துச்சு. அத பத்தி சொல்ல வேற ஒண்ணும் இல்ல.

பன்னெண்டு நாள் கேம்ப்

மே 6-ல இருந்து 18 வரைக்கும் மெட்ராஸ் ஓஎம்ஆர்ல ஒரு அபார்ட்மென்ட்ல சம்மர் கேம்ப். நாலு வருஷமா கூப்பிடறாங்க. நடத்தறவங்க வேற, நான் கூலிக்குப் போறவன். பாட்டுக்கு ஒரு மிஸ், களிமண்ணுக்கு ஒரு அண்ணன், ஓவியத்துக்கு நான். கிளப் ஹவுஸ்ல ஏசி போட்டு 28 பசங்க. ஒரு பையன் வெச்சிருந்த கலர் பெட்டிய பாத்தா எனக்கே நாக்குல எச்சில் ஊறுச்சு, அத்தனை ஷேடு. என் ஸ்கூல்ல ஒரு ஆயில் பேஸ்டல் டப்பாவ ஆறு பேருக்குப் பிச்சுப் பிச்சுக் குடுப்பேன். அதுல எப்பவும் மொதல்ல தீந்து போறது பச்சையும் ஆரஞ்சும்தான், ஏன்னா மலை, மலைக்கு நடுவுல சூரியன். நம்ம ஊர்ல எந்தப் பையனுக்கும் மலைக்கு நடுவுல சூரியன் வரையறதுக்கு யாரும் கத்துக்குடுக்கறதில்ல, அது எப்படியோ பொறக்கும்போதே கைல வந்துடுது.

இந்த கேம்புகளுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு. கடைசி நாள் எக்ஸிபிஷன். கயிறு கட்டி, கிளிப் மாட்டி, ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பேரு, வயசு. அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லாம் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, அந்த போட்டோதான் அடுத்த வருஷ கேம்புக்கு விளம்பரம். மொத நாளே நடத்தறவங்க என்கிட்ட மெதுவா சொல்லிடுவாங்க, “சார், அவுட்புட் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க”. அதோட அர்த்தம் எனக்குத் தெரியும், சொன்னவங்களுக்கும் தெரியும். பசங்க போனதுக்கப்புறம் மாஸ்டர் உக்காந்து படத்துல ‘டச்சப்’ பண்ணணும். கோணலான வீட்ட நிமித்தி, மூஞ்சிக்கு கழுத்து வெச்சு, வெள்ளையா விட்ட இடத்துல ஒரு வாஷ் குடுத்து. எல்லா மாஸ்டரும் செய்யறதுதான். இல்லன்னு எவனாவது சொன்னா அவன் எக்ஸிபிஷன் வெக்காத மாஸ்டரா இருப்பான்.

இதுல எனக்கு குத்த உணர்ச்சி எல்லாம் இருந்ததில்ல, உண்மைய சொல்றேன். நான் படிச்ச விதம் அப்படி. லோயர், ஹையர்னு ரெண்டு ஓவியப் பரிச்சைக்கு ஒரு மாஸ்டர்கிட்ட போனேன், ஸ்கேல் வெக்காம ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், ஒரு பக்கத்து வளைவும் இன்னொரு பக்கத்து வளைவும் கண்ணாடி பாத்த மாதிரி ஒத்துப் போகணும். அப்புறம் ஓவிய வாத்தியார் ஆகறதுக்கான டிடிசி, அந்த 42 நாள் கோடைப் பயிற்சி, அதுவும் மே மாசம்தான், என் வாழ்க்கைல எல்லாமே மே மாசம்தான். அந்த மாஸ்டர் பின்னாடி வந்து நின்னு, பேசவே மாட்டாரு, நம்ம பென்சில வாங்கி நம்ம கோட்டு மேலயே ஒரு கோடு இழுப்பாரு. அவ்ளோதான், பானை பானையாயிடும். அன்னைக்கு அந்த ஷீட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பத்திரமா வெப்போம். மாஸ்டர் கை பட்ட படம். எங்களுக்கு அது ஆசீர்வாதம் மாதிரி. அதனால பசங்க படத்து மேல என் கை படறது தப்புன்னு எனக்குத் தோணினதே இல்ல, கொஞ்சம் சந்தோஷம்கூட.

நடுவுல வந்த ஞாயித்துக்கிழமை சோழமண்டலம் போனேன், ஈஞ்சம்பாக்கத்துல இருக்கற ஓவியர் கிராமத்துக்கு. மெட்ராஸ் பக்கம் வந்தா ஒரு தடவ போயிட்டு வந்துடுவேன், கோயிலுக்குப் போற மாதிரி. 1966-ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்கூட இருந்த கலைஞர்களும் சேந்து அந்த இடத்த வாங்கினாங்கன்னா, அந்தக் காசு ஓவியம் வித்து வந்த காசு இல்ல, பாடிக் துணி மாதிரி கைவேலை செஞ்சு வித்து வந்தது. பாதி நேரம் வயித்துக்கு, மீதி நேரம் கேன்வாஸுக்கு. இத நான் ஒவ்வொரு வருஷமும் எனக்கே சொல்லிக்குவேன், நம்ம கேம்பு நம்ம பாடிக்குன்னு. அன்னைக்கு அங்க மரத்தடில உக்காந்து ஒரு டீ குடிச்சப்பகூட அப்படித்தான் நினைச்சேன், நிம்மதியாத்தான் இருந்துச்சு. இப்ப யோசிச்சா, அவங்க செஞ்ச துணில அவங்க பேரத்தானே போட்டிருப்பாங்கன்னு ஒரு எண்ணம் வருது. அது அப்ப வரல.

தண்ணி லாரி

ரெண்டாவது வாரம் ‘எங்க வீட்டுக் கோடை’ன்னு தலைப்பு குடுத்தேன். பாதி பசங்க நீச்சல் குளம். கொஞ்சம் பேரு ஊட்டி. இந்தப் பாப்பா தண்ணி லாரி போட்டா. ஓஎம்ஆர்ல இருக்கறவங்களுக்கு இது புரியும், மழை பேஞ்ச வருஷத்துலயே அங்க பாதி வீட்டுக்கு லாரித் தண்ணிதான், 2019 மாதிரி ஏரியெல்லாம் வறண்ட வருஷத்த கேக்கவே வேணாம். லாரி ஊதா கலர். பக்கத்துல இருந்த அபார்ட்மென்ட் லாரி உயரத்துல பாதிகூட இல்ல. அஞ்சு சக்கரம், அதுல ஒண்ணு மட்டும் சதுரமா. ஹோஸ் பைப் யானத் தும்பிக்கை மாதிரி சுத்திச் சுத்திப் போய் ஒரு வீட்டு ஜன்னலுக்குள்ள நுழையுது. லாரிக்கு அடில பேப்பர் விளிம்பு வரைக்கும் நீலப் புள்ளி, நூறுக்கு மேல இருக்கும், ஒவ்வொண்ணா ஸ்கெட்ச் பேனாவால குத்திக் குத்தி. அரை மணி நேரம் அந்தப் புள்ளிதான் வெச்சுகிட்டு இருந்தா, நாக்க ஒரு ஓரமா வெளிய துருத்திகிட்டு. நான் பின்னாடி போய் நின்னு பாத்துட்டு, “என்ன பாப்பா, மழையா?”ன்னு கேட்டேன். அவ நிமிந்துகூட பாக்கல, “ம்ஹூம்”னு மட்டும் சொன்னா. நானும் போயிட்டேன், பக்கத்து டேபிள்ல ஒருத்தன் கலர் தண்ணிய கொட்டிட்டான்.

17ஆம் தேதி ராத்திரி கிளப் ஹவுஸ்ல 28 படத்தையும் பரப்பி வெச்சு உக்காந்தேன். எட்டு மணிக்கு ஆரம்பிச்சு பன்னெண்டரைக்கு முடிஞ்சுது. லாரி வந்தப்போ எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதான் கொடுமை, பிடிச்சதாலதான் அதிக நேரம் அதுல உக்காந்தேன். சக்கரத்த நாலாக்கி வட்டமா போட்டேன். டேங்குக்கு உருளை ஷேப் வர்றதுக்கு ஒரு பக்கம் நிழல், மேல வெள்ளையில ஒரு கோடு, பளபளன்னு இரும்பாட்டம் வந்துடுச்சு. அபார்ட்மென்ட்ட கொஞ்சம் உயரமாக்கினேன். அந்த நீலப் புள்ளி எல்லாம் எனக்கு அழுக்கா தெரிஞ்சுது, சரி ரோடு வெச்சிடலாம்னு போஸ்டர் கலர்ல கெட்டியா சாம்பல் கலக்கி ஒரே இழுப்பு. கீழ கருப்பு பேனாவால அவ பேர எழுதினேன். என் எழுத்து நல்லாயிருக்கும், போர்டு எழுதின கை.

மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணி. ஜனம் வந்துடுச்சு. அந்தப் பாப்பாவோட அம்மா படத்த பாத்துட்டு ரொம்ப சந்தோஷமாயிட்டாங்க, “சார், இவ இவ்ளோ நல்லா போடுவான்னு எங்களுக்கே தெரியாது, எப்படி சார் பன்னெண்டே நாள்ல!” நான் வழக்கம் போல தலைய ஆட்டி, “நல்ல கை மேடம், விடாம பழக்குங்க”ன்னேன். அம்மா போன எடுத்து, “வா, படத்துக்குப் பக்கத்துல நில்லு”ன்னாங்க. பாப்பா நகரல. படத்தையே பாத்துகிட்டு இருந்தா. அழல, கோவப்படல. என்னமோ ஸ்கூல் வேன்ல வேற யாரோ பையை தன்கிட்ட குடுத்துட்ட மாதிரி ஒரு பார்வை.

“இது என்னுது இல்ல.”

“என்னம்மா, உன் பேர் போட்டிருக்கு பாரு.”

“என் லாரி ஒழுகும். இது ஒழுகல.”

அம்மா சிரிச்சாங்க. பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அத மறைக்கல. பாப்பா அப்படியே திரும்பி களிமண் டேபிள் பக்கம் போய் அவ செஞ்ச பிள்ளையார் பக்கத்துல நின்னுகிட்டா, காது ரெண்டும் வெடிச்சுப்போன பிள்ளையார். போட்டோ அங்கதான் எடுத்தாங்க.

அந்த ராத்திரி பஸ்ல வரும்போது என் போன்ல பாத்தேன். நாலு நாள் முன்னாடி அந்த கேம்ப் வாட்ஸாப் குரூப்புக்கு அனுப்பறதுக்காக எடுத்த போட்டோல லாரி ஓரமா வந்திருந்துச்சு, பாதிதான், அவ தலை மறைக்குது. பெருசாக்கிப் பாத்தா புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு சைஸ். லாரி கிட்ட பெருசு, போகப் போகச் சின்னது. தண்ணி லாரி ரோட்டுல ஒழுகிகிட்டே போகுமே, அந்தத் தடம். நிழல், வெளிச்சம்னு நான் பளபளன்னு போட்டேனே, அதுல எதுவுமே நான் பாத்தது கிடையாது, எல்லாம் பழக்கம். அவ பாத்திருக்கா. பால்கனியில நின்னு தினமும் பாத்திருக்கா.

படுகளம்

சரி, இதோட நிறுத்தியிருந்தா ‘குழந்தைங்க படத்துல கை வெக்காதீங்க’ன்னு ஒரு வாட்ஸாப் ஃபார்வர்டா போட்டு முடிச்சிருப்பேன். ஒரு வாரம் கழிச்சு எங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா. அது வந்து எல்லாத்தையும் குழப்பி விட்டுடுச்சு.

எங்க பக்கத்துக்காரங்களுக்கு விளக்க வேணாம், பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலைல படுகளம், அதாவது பீமன்கிட்ட துரியோதனன் விழற காட்சி, சாயங்காலம் தீமிதி. படுகளத்துக்கு துரியோதனன் உருவம் மண்ணால தரையில படுக்க வெச்சு செய்யணும். எங்க ஊர்ல அத வருஷா வருஷம் செய்யறது எங்க பெரியப்பாதான். நான் அந்த சமயத்துல எப்பவும் ஏதாவது கேம்புல இருப்பேன், இருபது வருஷமா அவர் பக்கத்துல நின்னதில்ல. இந்தத் தடவ அவருக்கு முட்டி சுத்தமா போச்சு, போன் பண்ணி, “ஊர் ஊரா போயி சுவத்துல யான போடறியே, இங்க வந்து எனுக்கு ஒரு ஆளு கெடத்திட்டுப் போடா”ன்னாரு. போனேன்.

ஏரி மண்ணு, டிராக்டர்ல அஞ்சு நடை. முந்தின நாள் சாயங்காலமே கொட்டி நனைச்சு வெச்சிட்டு, ராத்திரி கூத்து ஒரு பக்கம் நடக்க நடக்க இங்க மண்ணு போட்டு மிதிக்கறோம். அறுபது அடி ஆள். பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துகிட்டு கைல நீளமா ஒரு மூங்கில் குச்சி, அதாலயே காட்டறாரு, தோளு இங்க, இடுப்பு இங்க, தொடை இங்க, தொடையில பானை வெக்க குழி. பத்து பதினஞ்சு பேரு மண்ணு தள்ளறோம். விடிய விடிய ஊர்ப் பசங்க வந்து சேந்துகிட்டானுங்க, அவனுங்களுக்கு கால் பக்கம். சூரியன் வந்தப்புறம் நான் பாக்கறேன், இடது காலுல ஆறு விரல். நான் போய் ஒண்ண வழிச்சு விடலாம்னு குனியறேன், குச்சி என் முதுகுல தட்டுது.

“இன்னாடா பண்ற?”

“ஆறு விரல் இருக்கு பெரியப்பா.”

“துரியோதனனுக்கு எத்தினி விரலுன்னு நீ போயி எண்ணிட்டு வந்தியா? உட்ரா.”

இத கேட்டதும் எனக்கு உள்ள ஒரு மணி அடிச்சுது, ஆஹா, லாரிக்கு பதில் கெடச்சுடுச்சு, கிராமத்துப் பெரியவர் ஞானம் சொல்லிட்டாருன்னு. அந்த ஆஹா அரை மணி நேரம்கூட நிக்கல. முகம் என்கிட்ட குடுத்தாரு. கிரீடம் போட்டு, தேங்காத் தொட்டிய அமுக்கி அமுக்கி நகை வெச்சு, சுண்ணாம்புல கண்ணு, அடுப்புக்கரியில மீசை. மீசைய பாத்துட்டு, “பூன மீச மாதிரி கீது”ன்னாரு. அழிச்சுப் போட்டேன். “இவன் போருக்குப் போறானா, பொண்ணு பாக்கப் போறானா?” திரும்ப அழிச்சேன். மூணாவது தடவையும் தலைய ஆட்டினப்போ எனக்கு நெஜமாவே எரிச்சல் வந்துடுச்சு, 44 வயசு ஆளு, பன்னெண்டு வருஷமா வாத்தியாரு, ஊரே நின்னு வேடிக்கை பாக்குது. அவரு குச்சிய ஊணி எழுந்து, முட்டிய பிடிச்சுகிட்டே நொண்டி நொண்டி வந்து, குனிய முடியாம என் தோள பிடிச்சுகிட்டு, ஒரு கை கரிய எடுத்து ரெண்டு இழுப்பு. இப்படி ஒண்ணு, அப்படி ஒண்ணு. மண்ணுல கிடந்தவன் திடீர்னு மூச்சு விடற மாதிரி ஆயிட்டான்.

எனக்கு பெருமையா இருந்திருக்கணும் இல்ல? மாஸ்டர் கை பட்ட படம்னு நான்தான மேல சொன்னேன். எனக்கு வந்தது வேற. சுருக்குன்னு இருந்துச்சு. விடிஞ்சதுல இருந்து அந்த முகத்தோட இருந்தது நானு. பின்னாடி ஒருத்தரு, “மீச அட்டகாசம் மாஸ்டர்!”னாரு, நான், “அது பெரியப்பா வெச்சது”ன்னு சட்டுனு சொன்னேன். மரியாதைல சொன்னேனா கோவத்துல சொன்னேனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அந்தப் பாப்பா நின்ன இடத்துல நின்னு பேசின மாதிரி இருந்துச்சு, என்ன, அவளுக்கு அந்த எடத்துல மரியாதை காட்ட வேண்டிய தேவை இல்ல.

ஆனா மீசை அந்த மீசைதான். அதுல சந்தேகமே இல்ல. என்னோட மூணும் ஒண்ணுத்துக்கும் உதவாது.

பத்து மணிக்கு மேல ராத்திரி முழுக்க ஆடின வேஷக்காரங்க அப்படியே வந்துட்டாங்க, வேர்வையில அரிதாரம் கழுத்து வரைக்கும் வழியுது. பீமனும் துரியோதனனும் உருவத்த சுத்திச் சுத்தி ஓடறாங்க, மேல ஏறி மிதிச்சு ஓடறாங்க, நான் தேங்காத் தொட்டியில அச்சு வெச்ச நகை எல்லாம் ரெண்டு நிமிஷத்துல போச்சு. பீமன் கதாயுதத்தால தொடையில ஒரே அடி, பானை உடைஞ்சு குங்குமத் தண்ணி பீறிகிட்டு வந்துச்சு. திரௌபதி கூந்தல் முடிச்சாச்சு. காந்தாரி ஒப்பாரி வெச்சா, அதுக்கு கூத்துக்காரங்களோட சேந்து ஊர்ப் பொம்பளைங்களும் அழுவறாங்க. அப்புறம் ஜனம் பாஞ்சுது. ஆளாளுக்கு ஒரு பிடி மண்ணு, முந்தானைல, துண்டுல, கேரி பேக்ல. நெல்லு கொட்டற எடத்துல வெப்பாங்க, பூச்சி வராது, விளைச்சல் குறையாதுன்னு நம்பிக்கை. ஆறாவது விரலயும் யாரோ எடுத்துட்டுப் போனாங்க, மீசையையும் யாரோ. நான் பெரியப்பாவ பாத்தேன், சேர்ல தூங்கிட்டாரு, குச்சி மட்டும் கைல.

எனக்கு தீர்ப்பு எதுவும் கெடைக்கல. கை படறது தப்புன்னா அந்த மீசை வந்திருக்காது. கை படலாம்னா அந்தத் தடம் போயிருக்கும், போச்சு. ஒண்ணு மட்டும் உறுத்துது, பெரியப்பா எல்லார் முன்னாடியும், நான் பாக்கப் பாக்க, என் தோள பிடிச்சுகிட்டு செஞ்சாரு. நான் ராத்திரி பன்னெண்டு மணிக்கு, கதவ சாத்திட்டு செஞ்சேன்.

ஜூன் 10 ஸ்கூல் தொறந்தாங்க. அதுக்கு மொத நாள் வீட்டுல ஷெல்ஃப ஒழிச்சுகிட்டு இருந்தோம். படுகளத்து மண்ணுல ஒரு உருண்டைய அரிசி டிரம்முல போடறேன்னு என் வீட்டுக்காரம்மா எடுத்துட்டு, பின்னாடி சுருட்டி வெச்சிருந்த சார்ட்ட பிரிச்சாங்க. கேம்புல யாரும் எடுத்துட்டுப் போகாம கயித்துலயே தொங்கின ஒரே படம் அது, கழட்டி என் பையில வெச்சு அனுப்பிட்டாங்க.

“லாரி அழகா இருக்கே. எந்தப் புள்ள போட்டது?”

“நான்தான்.”

“கீழ பேரு ஏதோ பொம்பளப் புள்ள பேரா இருக்கு?”

“பேரும் நான் எழுதினதுதான்.”